வேளாண் ஸ்காலர்ஷிப்பில் ஜெர்மனி வந்தவர்களுக்கு: பயணமும் தொடர்புகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

டிஏஏடி எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவித்தொகையிலோ, அதுபோன்ற வேறு உதவித்தொகையிலோ ஹோஹன்ஹைம், கோட்டிங்கன், பான், விட்சன்ஹௌசன் போன்ற இடங்களில் வேளாண்மை படிக்க வந்த தமிழ் மாணவர்களுக்கு. விண்ணப்பம் போடுவது எப்படி என்பது இங்கே இல்லை. ஸ்காலர்ஷிப் கிடைத்து, பெட்டியைத் திறந்து, முதல் மாதக் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு இனி எங்கே போவது, யாரைப் பார்ப்பது, எப்படிப் பேசுவது என்பதுதான் இங்கே பேச்சு.

வந்தவுடனே பக்கத்து நாடுகளுக்குப் போகலாமா?

போகலாம். இந்தியாவில் வாங்கி வந்த தேசிய விசாவோ (பாஸ்போர்ட்டில் 'டி' என்று இருக்கும்), பிறகு கிடைக்கும் தங்கும் அனுமதி அட்டையோ செல்லுபடியில் இருக்கும்வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா ஏற்பாட்டில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். நெதர்லாந்து, பிரான்ஸ், டென்மார்க், ஆஸ்திரியா எல்லாம் இதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் நடக்கும் கோதுமைச் சோதனை வயலைப் பார்க்க ஆசைப்பட்டால் தனியாக பிரிட்டன் விசா எடுக்க வேண்டும்.

சிக்கல் வருவது நடுவில்தான். விசா முடிந்தும் அட்டை கைக்கு வராதபோது வெளிநாட்டவர் அலுவலகம் ஒரு தற்காலிகச் சான்று (ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங்) கொடுக்கும். அதில் எந்த உட்பிரிவில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் தங்குரிமைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குத் திரும்பி நுழைய முடியும். 3-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனால் அதைக் காட்டித் திரும்ப முடியாது. 4 என்று இருந்தாலும் பக்கத்து நாட்டுச் சோதனையில் அந்தத் தாள் செல்லும் என்று நம்பிக் கருத்தரங்குக்கு டிக்கெட் போட வேண்டாம். விசா முடிவதற்கு எட்டு, பத்து வாரம் முன்பே அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

ரயிலில்தானே போகிறோம், எல்லையில் யார் கேட்கப்போகிறார்கள் என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போவது இன்னொரு தவறு. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. போனில் இருக்கும் படம் ஆவணம் ஆகாது.

கள ஆய்வுக்கு இந்தியாவுக்கு நீண்ட நாள் போகலாமா?

ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் தங்கும் அனுமதி பொதுவாகத் தானாகவே காலாவதியாகிவிடும். ஆய்வுக் களம் தஞ்சாவூரில், இரண்டு பருவம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கால நீட்டிப்பு வாங்குங்கள். உதவித்தொகை தரும் அமைப்புக்கும் முன்கூட்டியே எழுதிப் பதில் வாங்கி வையுங்கள். சொல்லாமல் போன மாதங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வாதாட இடமிருக்காது.

கிராமத்துப் பண்ணைகளுக்குக் குறைந்த செலவில் எப்படிப் போவது?

டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்றே போதும். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இதே டிக்கெட் இன்னும் மலிவாக, பருவக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அது தெரியாமல் தனியாக வாங்கி இரண்டு தடவை காசு கட்டுகிறவர்கள் உண்டு.

ரயில் நிலையம் வரை போவது எளிது. அங்கிருந்து பண்ணைக்குப் போகும் கடைசி 8 கிலோமீட்டர்தான் பாடு. கிராமப் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுகின்றன. பள்ளி விடுமுறையிலும் ஞாயிறன்றும் கால அட்டவணையே வேறு. சில தடங்களில் 'ரூஃப்புஸ்' என்று இருக்கும். முன்கூட்டியே போன் செய்து சொன்னால்தான் அந்தப் பேருந்து வரும், சொல்லாவிட்டால் வராது. நிறுத்தத்தில் காத்துக்கொண்டு நின்று பயனில்லை. சைக்கிளை ரயிலில் ஏற்றிப் போவது நல்ல வழி, ஆனால் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டியிருக்கும். எதுவும் இல்லையென்றால் நிலையத்திலிருந்து அழைத்துப்போக முடியுமா என்று விவசாயியிடமே கேளுங்கள். பெரும்பாலும் வருவார்கள். அந்தக் கார் பயணத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்கும்.

விரைவு ரயிலில் மலிவு டிக்கெட் எடுத்திருந்து, போய்ச் சேருவது 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று ஊரில் கேள்விப்பட்டதை மறந்துவிட்டு, இணைப்பு ரயிலுக்கு அரை மணி இடைவெளி வையுங்கள்.

பெரிய கண்காட்சிகளுக்குப் போனால் தொடர்பு கிடைக்குமா?

வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளின் நவம்பரில் ஹனோவரில் அக்ரிடெக்னிகா (இயந்திரங்கள்), இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பரில் அதே இடத்தில் யூரோடியர் (கால்நடை), ஜனவரியில் பெர்லினில் 'க்ரூனே வோஹே' (உணவு, வேளாண்மை), பிப்ரவரியில் நியூரம்பர்க்கில் இயற்கை வேளாண் பொருட்களுக்கான பயோஃபாக். அக்ரிடெக்னிகாவுக்கு ஒரு வாரத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நிறுவனத்தின் அரங்கில் நின்று விசிட்டிங் கார்டு கொடுத்தால், மாலையில் அந்த அட்டை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே எழுதி, நாளும் அரங்க எண்ணும் நேரமும் குறித்துக்கொண்டு போங்கள். கண்காட்சி வாரத்தில் ஹனோவரில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். பிரவுன்ஷ்வைக்கிலோ கோட்டிங்கனிலோ தங்கி வட்டார ரயிலில் வந்து போகலாம்.

எங்கள் கருத்தில் இதைவிடப் பத்து மடங்கு பயன் தருவது வயல் நாள். 'ஃபெல்ட்டாக்' என்பார்கள். மே கடைசியிலிருந்து ஜூன் முடிய மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையங்களும் வடக்கு மாநிலங்களில் வேளாண் சபைகளும் நடத்தும். பல இடங்களில் நுழைவு இலவசம். அறுபது விவசாயிகள், நான்கு ஆலோசகர்கள், ரகங்கள் வரிசையாக நட்ட பாத்திகள், நடுவே ஒரு மேசையில் தொத்திறைச்சியும் பீரும். சைவம் என்றால் ரொட்டியும் உருளைக்கிழங்குச் சாலடும் தேறும், கையில் ஏதாவது எடுத்துப்போவது நல்லது. வந்திருப்பவர்களில் தமிழ்நாட்டு வயலைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் நீங்கள் பேசப் போகாவிட்டாலும் யாராவது உங்களிடம் வருவார்கள். பேராசிரியரைவிட, பாத்திகளுக்குப் பொறுப்பான களத் தொழில்நுட்பாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த விதை எங்கே, எந்த விவசாயி புதிதாக என்ன செய்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆய்வாளர்களைச் சந்திக்க ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் போக முடியும் என்றால்?

ட்ரோபன்டாக். வெப்பமண்டல, துணை வெப்பமண்டல வேளாண்மைக்கான ஆண்டுக் கருத்தரங்கு. செப்டம்பரில், ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கும். நெல், ராகி, நீர்ப்பாசனம், சிறு விவசாயி பற்றிப் பேசினால் முகம் சுளிக்காத கூட்டம் அது. பன்னாட்டு ஆராய்ச்சி மையங்களின் ஆட்களும் வருவார்கள். ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கெடு மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும் என்பதால், குளிர்காலத்திலேயே கைடிடம் பேச்சை எடுங்கள். மாணவர்க்குப் பெரும்பாலும் ஆய்வை விளக்கும் சுவரொட்டி (போஸ்டர்) வைக்கும் இடம்தான் கிடைக்கும். அதில் குறைவொன்றுமில்லை, மேடைப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், சுவரொட்டி முன் ஒருவர் இருபது நிமிடம் நிற்பார். படத்தை 2 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று அச்சிடும் முன் பாருங்கள். எழுத்தை நிரப்பி ஒட்டுவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

விவசாயியை எப்படித் தொடர்புகொள்வது? மெயிலுக்குப் பதிலே வருவதில்லை.

வராது. போன் செய்யுங்கள். கறவைப் பண்ணை என்றால் காலை 5 முதல் 7.30 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் பால் கறக்கும் நேரம். பகல் 12 முதல் 1.30 வரை சாப்பாடும் ஓய்வும். காலை 9.30 முதல் 11 வரை சரியான நேரம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் அறுவடைக் காலத்தில் வெயில் அடிக்கும் நாளில் கூப்பிட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதே மாதத்தில் மழை பெய்யும் நாளில் கூப்பிட்டால் அரை மணி பேசுவார்கள். பண்ணையைச் சாவகாசமாகப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் வயலில் பார்க்க அதிகம் இருக்காது.

நான்கு வாக்கியம் ஜெர்மனில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்: பெயர், பல்கலைக்கழகம், என்ன பார்க்க விருப்பம், எவ்வளவு நேரம். நேரத்தைச் சொல்வது முக்கியம். 'ஒன்றரை மணி நேரம்' என்றால் சம்மதிப்பார், 'உங்கள் பண்ணையைப் பார்க்க வேண்டும்' என்றால் தயங்குவார். குடும்பப் பெயரோடு ஹெர் (திரு), ஃப்ராவ் (திருமதி) சேர்த்து, 'ஸீ' என்ற மரியாதைச் சொல்லில் பேசுங்கள். அவரே 'டூ' என்று மாறச் சொன்னால் மாறலாம். வடக்கே 'மொய்ன்', பவேரியாவில் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எண்ணே கிடைக்கவில்லையா? மஷினென்ரிங்கைக் கேளுங்கள். விவசாயிகள் இயந்திரங்களையும் ஆள் வேலையையும் பகிர்ந்துகொள்ளும் சங்கம். முதல் சங்கம் 1958-இல் பவேரியாவில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க உண்டு. அந்த அலுவலகத்தில் இருப்பவர் வட்டாரத்தின் எல்லாப் பண்ணைகளையும் அறிந்தவர். 'சொட்டுநீர் போட்டிருப்பவர் யாராவது?' என்று குறிப்பாகக் கேட்டால் பெயர் வரும்.

பண்ணைக்குள் நுழையும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஊரில் தொழுவத்துக்குள் செருப்போடு போய் மாட்டைத் தட்டிக்கொடுப்பது சாதாரணம். இங்கே அது பெரிய தவறு, காரணமும் உண்டு. இந்தியாவில் கோமாரி நோய் இன்னும் ஒழியவில்லை. ஜெர்மனியில் 1988-க்குப் பிறகு இல்லாமல் இருந்த அந்த நோய் 2025 ஜனவரியில் பிராண்டன்பர்க்கில் எருமைகளில் தோன்றியது. ஒரே ஒரு மந்தைதான், ஆனாலும் பல நாடுகள் ஜெர்மன் பாலையும் இறைச்சியையும் வாங்க மறுத்தன. அந்த ஆண்டு க்ரூனே வோஹேயில் மாடு, ஆடு, பன்றி எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. ஆகவே, ஊருக்குப் போய் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். எத்தனை நாள் கழித்து வரலாம் என்று பண்ணைக்காரர் சொல்வார். பல இடங்களில் 48 அல்லது 72 மணி நேரம், சிலர் அதற்கும் மேல் கேட்பார்கள். ஊரில் போட்டிருந்த செருப்பும் உடையும் துவைக்காமல் தொழுவத்துக்குள் வரவே கூடாது.

பன்றிப் பண்ணையில் இன்னும் கடுமை. சில இடங்களில் குளித்து, அவர்கள் தரும் உள்ளாடை வரை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020 செப்டம்பர் முதல் ஜெர்மன் காட்டுப்பன்றிகளில் இருக்கிறது. சாலையோர நிறுத்தங்களில் உணவு மிச்சத்தைத் திறந்த இடத்தில் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அதனால்தான்: யாரோ எறிந்த இறைச்சி ரொட்டியைக் காட்டுப்பன்றி தின்றால் போதும்.

நெதர்லாந்தின் தக்காளிக் கண்ணாடிக்கூடங்களில் பயம் வேறு. தக்காளி பழுப்புச் சுருக்க வைரஸ் 2019-இல் அங்கே கண்டறியப்பட்டது. கையாலும் உடையாலும் கருவியாலும் பரவும், பொருட்களின் மேல் நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும். மேலங்கி, கையுறை, காலணி உறை எல்லாம் தருவார்கள். போனை எடுத்துப்போக விடாத கூடங்களும் உண்டு. முந்தின நாள் இன்னொரு தக்காளிக் கூடத்துக்குப் போயிருந்தால் மறைக்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு கூடம் பார்ப்பதாகத் திட்டம் போடவே வேண்டாம்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள், அதுவும் தொழுவத்துக்குள் கண்டிப்பாக. விலங்குரிமை அமைப்பினர் ரகசியமாகப் படம்பிடித்து வெளியிட்ட அனுபவம் இங்கே விவசாயிகளுக்கு நிறைய. எதற்காக, எங்கே போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

என்ன கேட்பது? என்ன கேட்கக் கூடாது?

முதல் சந்திப்பில் வருமானமும் கடனும் வேண்டாம். விளைச்சல், மண், பயிர்ச் சுழற்சி, குத்தகை இவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். அளவுகளைத் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் எக்டேருக்கு எத்தனை டெசிடன் என்பார்கள். ஒரு டெசிடன் 100 கிலோ, அதாவது நம் குவிண்டாலேதான். கோதுமை 75 டெசிடன் என்றால் ஏக்கருக்குச் சுமார் 30 குவிண்டால். எக்டேரை ஏக்கராக்க 2.47-ஆல் பெருக்குங்கள்; எக்டேர் விளைச்சலை ஏக்கர் விளைச்சலாக்க அதே எண்ணால் வகுங்கள்.

'மண்ணுக்கு எத்தனை புள்ளி?' என்று கேளுங்கள். விவசாயி முகம் மலரும். 1934-இல் வந்த சட்டப்படி நாட்டின் விளைநிலங்களை எல்லாம் மதிப்பிட்டுப் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். மாக்டபர்க் சமவெளியின் கரிசல் போன்ற மண் 100 புள்ளியைத் தொடும், பிராண்டன்பர்க் மணலில் 25, 30-தான். நில வரிக்கு அடிப்படை அது. குத்தகைப் பேச்சிலும் அடிபடும். 30 புள்ளி மண்ணில் 50 டெசிடன் எடுப்பவர், 90 புள்ளியில் 85 எடுப்பவரைவிடக் கெட்டிக்காரராக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு பேசும் மாணவரை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

பதிலுக்கு நான் என்ன கொடுக்க முடியும்?

உங்கள் ஊர் விவரம். எபோஸ் என்ற முதுநிலைத் திட்டத்தில் வருபவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் கட்டாயம். ஆகவே வெறும் மாணவராக வரவில்லை நீங்கள். ஒரு தாளில் இரண்டு படம், ஒரு வரைபடம்: உங்கள் மாவட்டத்தின் மழை மாதவாரியாக, என்ன பயிர் எப்போது, ஏக்கருக்கு என்ன செலவு, என்ன விலை. ஐரோப்பிய விவசாயிக்கு ஒரு சென்ட் நிலம் (சுமார் 40 சதுர மீட்டர்) என்று தனி அளவு இருப்பதே வியப்பு.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைக் காட்டிவிடுவதும் பெரிய கொடைதான். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1949-இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்தின் வாகெனிங்கன் போய் உருளைக்கிழங்கு மரபியல் படித்தார், பிறகு கேம்பிரிட்ஜில் 1952-இல் முனைவர் பட்டம். பின்னாளில் குட்டைக் கோதுமை தேடி அமெரிக்கக் கோதுமை ஆய்வாளர் ஓர்வில் வோகலுக்கு எழுதியபோது, தன் குளிர்காலக் கோதுமை இந்தியாவுக்கு ஒத்துவராமல் போகலாம், மெக்சிகோவில் இருக்கும் கோதுமை ஆய்வாளர் நார்மன் போர்லாக்கைக் கேளுங்கள் என்று வோகல் வழிகாட்டினார். 1963 மார்ச்சில் போர்லாக் இந்தியா வந்தார். எனவே யாரிடம் பேசினாலும் கடைசிக் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'இதைப் பற்றி நான் வேறு யாரிடம் பேச வேண்டும்?'

பிடித்த ரகத்தின் விதையைக் கொஞ்சம் சட்டைப் பையில் கொண்டுபோகலாமா?

கூடாது. இரு பக்கமும் கூடாது.

இந்தியாவுக்குள் விதை வர, 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். ஆய்வுக்கான விதை என்றால் டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபு வளப் பணியகம் வழியாகத்தான் வர வேண்டும். மண்ணுக்கும் தனி அனுமதி உண்டு. சரியான வழி: ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் மரபுக் கருவூலத்தில் (விதை வங்கி) ஒரு விதை மாதிரி பிடித்திருந்தால் அதன் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊரில் உங்கள் நிறுவனம் மூலம் பணியகத்துக்கு எழுதி வரவழைப்பது. பன்னாட்டு விதை ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பயிராக இருந்தால் பொது மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்குவது எளிது. நெல், கோதுமை, கம்பு, கேழ்வரகு, சோளம், கத்தரி பட்டியலில் உண்டு. நிலக்கடலை, சோயா, தக்காளி இல்லை. இல்லாதவற்றுக்கு எந்த ஒப்பந்தம் வேண்டும் என்று கருவூலத்திடமே கேளுங்கள்.

மறுபக்கம், ஊரின் பாரம்பரிய நெல்லையோ வயல் மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரையோ இங்குள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது. 2002-ஆம் ஆண்டு உயிரிப் பன்மைச் சட்டப்படி அதற்கு தேசிய உயிரிப் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும். ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது நேரில் விசாரித்துவிடலாம். ஒப்புதல் இல்லாத மாதிரியை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையை இதழ்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டன.

ஊரிலிருந்து பரிசாக என்ன கொண்டுவரலாம்?

நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர் பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை உண்டு. கறிவேப்பிலை, பழம், பூ இவற்றையும் பெட்டியில் போடாதீர்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி போன்ற சில பழங்கள் தவிர மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். காபித் தூள், மிளகு, ஏலக்காய், கைத்தறித் துண்டு போதும். விலை உயர்ந்த பரிசைக் கண்டால் ஜெர்மானியர் சங்கடப்படுவார்கள்; அரசு ஊழியர் வாங்கவே மாட்டார்.

பண்ணையில் சில வாரம் தங்கி வேலை செய்யலாமா?

மாணவர் அனுமதியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். ஆனால் உதவித்தொகை விதி அதைவிட இறுக்கமாக இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாடத்திட்டத்தில் கட்டாயமான பயிற்சி அந்தக் கணக்கில் வராது. சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் என்று அழைக்கும் திட்டங்களும் சட்டத்தின் கண்ணில் வேலையாகக் கருதப்படலாம். அதற்கு முன் விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்று கேளுங்கள். டிராக்டரை ஓட்டிப் பார் என்று அன்போடு சாவியைத் தந்தாலும் பொதுச் சாலையில் ஏற்றாதீர்கள்.

பார்த்துவிட்டு வந்த பிறகு?

மூன்று நாளைக்குள் எழுதுங்கள். நன்றி ஒரு வரி, அவர் சொன்னதில் நீங்கள் குறித்துக்கொண்ட ஒன்று, அவர் கேட்டு நீங்கள் அனுப்புவதாகச் சொன்னது. அந்தக் கடைசி விஷயத்தை அனுப்பாமல் விட்டால் மற்ற இரண்டும் வீண். ஒரு சாதாரண விரிதாளில் பெயர், ஊர், தேதி, பேசியது, அனுப்ப வேண்டியது என்று ஐந்து கட்டம் வைத்து அன்று மாலை ரயிலிலேயே நிரப்புங்கள். ஆய்வேடு முடிந்ததும் இரண்டு பக்கச் சுருக்கத்தை ஜெர்மனில் போட்டு, பார்த்த எல்லாப் பண்ணைக்கும் தபாலில் அனுப்புங்கள். மொழிபெயர்ப்பை வகுப்புத் தோழர் யாராவது ஒரு சாப்பாட்டுக்குச் சரிபார்த்துக் கொடுப்பார். சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் இங்கே நல்ல விலைக்குப் போகும்.